ஆளில்லாத் தீவுக்கும் வரலாறு உண்டு: பாரன் எரிமலையின் கதை

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. மனிதன் வாழாத இடத்திற்கு வரலாறு உண்டா? உண்டு என்றால் அதை எழுதியவர் யார்? வங்காள விரிகுடாவுக்கு அப்பால் உள்ள ஓர் எரிமலைத் தீவைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. சென்றால் கடப்பாக்கம் வரும். அதையொட்டிக் கழிமுகத்தின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. இக்கோட்டை ஏறத்தாழ 12 பாகை 16 கலை வட அட்சரேகையில் உள்ளது. நிலப்படத்தில் இங்கிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுங்கள். விரிகுடாவைக் கடந்து, அந்தமானின் நடுப்பகுதியை வெட்டிக்கொண்டு, அக்கோடு மேலும் 100 கி.மீ. அளவு சென்றால் ஒரு சிறு புள்ளியைத் தொடும். அதுதான் பாரன் தீவு. இந்திய எல்லைக்குள் இன்று உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலை அதுவே.

இரண்டு இடங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 14 பாகைக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு உண்டு. தொலைவு சுமார் 1,500 கி.மீ. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆகவே கடப்பாக்கத்தில் சூரியன் உதிப்பதற்கு ஏறத்தாழ 55 நிமிடம் முன்பே பாரன் தீவில் உதித்துவிடுகிறது. ஆனால் அந்த உதயத்தைக் காண அங்கே மனிதர் எவரும் இல்லை.

தீவின் அமைப்பு

பாரன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு, வெறுமை என்று பொருள். தீவின் குறுக்களவு சுமார் 3 கி.மீ. நடுவே 2 கி.மீ. அகலமுள்ள ஒரு பெரும் பள்ளம். அதைச் சுற்றிப் பழைய எரிமலையின் சுவர் வளையமாக நிற்கிறது; மேற்குப் புறத்தில் மட்டும் அது உடைந்து கடலுக்கு வழிவிடுகிறது. பள்ளத்தின் நடுவிலிருந்து புதிய கூம்பு ஒன்று எழுந்துள்ளது. அடுக்குச் சோற்றின் நடுவே குழித்து, அக்குழியில் மறுபடியும் ஒரு பிடி சோற்றைக் குவித்தது போன்ற தோற்றம் எனலாம்.

வளையச் சுவரின் மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 354 மீட்டர். இது ஒரு குன்றின் உயரமே. ஆனால் இம்மலையின் அடிவாரம் கடலின் மேற்பரப்பில் இல்லை. அது சுமார் 2,250 மீட்டர் ஆழத்தில் உள்ளது. இரண்டையும் கூட்டினால் 2,600 மீட்டர். ஏறத்தாழ நம் தொட்டபெட்டாவின் உயரம். தொட்டபெட்டாவைக் கடலில் நிறுத்தி, உச்சி மட்டும் வெளியே தெரியும்படி அமிழ்த்தினால் கிடைப்பதுதான் பாரன் தீவு.

கப்பலிலிருந்து கண்டவை

இந்த எரிமலை சீறியதாக நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துப் பதிவு 1787ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அவ்வழியே சென்ற கோல்புரூக் என்ற படை அதிகாரி புகையையும் நெருப்பையும் கண்டு எழுதினார். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் வந்தார். அந்தமானை அளக்க அனுப்பப்பட்ட இவருடைய பெயரால்தான் போர்ட் பிளேர் நகரம் 2024 வரை அழைக்கப்பட்டது. அவ்வாண்டு அது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிளேர் வந்தபோது எரிமலை கடுமையாகச் சீறிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு டன் எடை இருக்கக்கூடிய கற்கள் கூட கூம்பின் அடிவாரத்தைத் தாண்டி வந்து விழுந்திருந்தன என்று அவர் குறித்துள்ளார்.

1803 நவம்பரில், புகழ்பெற்ற கடல்வழி நூலை எழுதிய ஹார்ஸ்பர்க், எரிமலை ஏறத்தாழ பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒழுங்காக வெடித்ததாகப் பதிவு செய்தார். பகலில் கரும்புகைத் தூண், இரவில் நெருப்பு.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் புகை, இரவில் நெருப்பு என்பது எரிமலையின் குணம் அன்று. நம் கண்ணின் குணம். சுமார் 1,100 பாகை செல்சியசில் உள்ள கற்குழம்பு பகலிலும் இரவிலும் ஒரே அளவு செவ்வொளியைத்தான் வீசுகிறது. பகலின் சூரிய ஒளியில் அது மங்கிப்போகிறது. கொல்லன் உலைக்களத்தை இருட்டாக வைத்திருப்பதும் இதனால்தான். இரும்பு எந்த அளவு பழுத்தது என்பதை இருட்டில்தான் நிறத்தைக் கொண்டு அறிய முடியும். ஆகவே ஒரு கப்பல் பகலில் கடந்திருந்தால் அதன் குறிப்பேட்டில் "புகை" என்றும், இரவில் கடந்திருந்தால் "நெருப்பு" என்றும் இருக்கும். இரண்டு குறிப்புகளையும் படிப்பவர், எரிமலையின் சீற்றம் ஏறி இறங்கியதாக முடிவு கட்டிவிடக் கூடாது. ஆளில்லாத் தீவின் வரலாறு என்பது, அதைக் கடந்து சென்றவர்களின் வரலாறாகவும் இருக்கிறது.

கோணம் பொய் சொல்லவில்லை

பிளேர் விட்டுச்சென்ற எண்கள் பின்னர் ஒரு புதிரை உண்டாக்கின. நடுக்கூம்பின் சரிவு 32 பாகை 17 கலை என்றும், அதன் உயரம் ஏறத்தாழ 1,800 அடி என்றும், தீவின் மற்றப் பகுதிகளும் அதே உயரம் என்றும் அவர் எழுதினார். 1,800 அடி என்பது சுமார் 550 மீட்டர். 1884இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மாலட்டும், நில அளவைத் துறையைச் சேர்ந்த ஹாப்டேயும் தீவுக்குச் சென்று முறையாக அளந்தார்கள். கூம்பின் உயரம் சுமார் 1,000 அடிதான். வளையச் சுவரும் 1,200 அடியை எட்டவில்லை. நூறாண்டுக்குள் 600 அடி எங்கே போயிற்று?

கூம்பு இடிந்து தேய்ந்திருக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் வளையச் சுவர் கெட்டியான பழைய எரிமலைப் பாறை. அது 95 ஆண்டுகளில் 200 மீட்டர் தேயாது. அப்படியானால் தீவு முழுவதுமே கடலில் அமிழ்ந்திருக்குமா? இதற்குப் பிளேரின் குறிப்பே பதில் சொல்கிறது. கூம்பின் அடித்தளம் கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். தீவு 200 மீட்டர் அமிழ்ந்திருந்தால் அந்தத் தளம் ஆழமான கடலாக மாறியிருக்கும். ஆனால் 1884இலும் அது உலர்ந்த தரையாகவே இருந்தது. எனவே மலை குறையவில்லை. உயரத்தின் மதிப்பீடுதான் தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தது என்ற முடிவுக்குத்தான் நாம் வர முடியும்.

ஆனால் அவருடைய 32 பாகைச் சரிவு மட்டும் நிலைத்து நிற்கிறது. மணலையோ நெல்லையோ மேலிருந்து கொட்டிப் பாருங்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் பெரிதாகுமே தவிர, அதன் சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாகாது. உதிரியான எரிமலைக் கற்களுக்கு இந்த ஓய்வுக் கோணம் 30 முதல் 35 பாகை வரை. உராய்வு விசையே இதை முடிவு செய்கிறது. களத்துமேட்டில் நெல்லைக் குவிப்பவரும் பாரன் எரிமலையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தொலைந்துபோன ஒரு தீவு

பாரன் தீவை மறுபடியும் கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. ஆனால் உலகின் மற்றொரு மூலையில் ஆளில்லா எரிமலைத் தீவு ஒன்று, கண்டுபிடித்த பின்பும் தொலைந்துபோனது. தென் அட்லாண்டிக்கில், 54 பாகைத் தென் அட்சரேகையில், பனிப்பாறை மூடிய பூவே தீவுதான் அது. 1739ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரெஞ்சு மாலுமி பூவே அதை மூடுபனிக்கிடையே கண்டார். அது தீவா, பெருங்கண்டத்தின் முனையா என்றுகூட அவரால் தெளிய முடியவில்லை. பின்னர் கேப்டன் குக் தேடியும் அது அகப்படவில்லை. 1808இல்தான் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அதை மீண்டும் பார்த்தது.

காரணம் எளியது. அட்சரேகையைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு அறிந்துவிடலாம். தீர்க்கரேகைக்கோ துல்லியமான கடிகாரம் வேண்டும். கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால் நம் அட்சரேகையில் 27 கி.மீ. தவறு வரும். கப்பலின் ஆட்டத்தைத் தாங்கும் நம்பகமான கடிகாரம் 1739இல் கிடையாது. பூவே குறித்த தீர்க்கரேகை தவறாகிப்போனது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம், பின்னாளில் இந்தியப் பெரு நில அளவைக்குத் தீர்க்கரேகையின் தொடக்கப் புள்ளியாக ஏன் அவ்வளவு மதிக்கப்பட்டது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இதே பூவே 1748இல் பிரெஞ்சுக் கப்பல் படையுடன் நம் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்தவர். அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சென்னையில் படைவீரர்களையும் பணத்தையும் இறக்கிவிட்டுச் சென்றார். அவர் தென்கோடியில் கண்ட தீவுக்கும் நம் கரைக்கும் இத்தகைய ஒரு தொடர்பு உண்டு.

உறக்கமா, மறதியா?

மீண்டும் பாரன் தீவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் அங்கே பெரிய சீற்றம் எதுவும் உறுதியாகப் பதிவாகவில்லை. மாலட் சென்றபோது உச்சியில் கந்தகப் படிவும், கரையில் வெந்நீர் ஊற்றும் இருந்தன, நெருப்பு இல்லை. தலைமுறைகள் கடந்தன. அணைந்துபோன எரிமலை என்றே பலரும் எண்ணத் தொடங்கினர்.

1991 மார்ச் 28 அன்று அது விழித்துக்கொண்டது. ஏறத்தாழ ஆறு மாதம் சீறியது. கற்குழம்பு மேற்கு வாயில் வழியே ஓடிக் கடலைத் தொட்டது. பிறகு 1994 டிசம்பரில் தொடங்கி 1995இன் நடுப்பகுதி வரை. மீண்டும் 2005 மே மாதத்திலிருந்து. அதன்பின் விட்டுவிட்டு இயங்கிவருகிறது. 2025 செப்டம்பரிலும் மிதமான சீற்றம் காணப்பட்டது.

2017 சனவரி 23 அன்று கோவாவைச் சேர்ந்த தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிவியலார், கடலடி மண்ணைத் திரட்டிக்கொண்டிருந்தபோது எரிமலை வெடிப்பதைக் கண்டார்கள். ஒவ்வொரு வெடிப்பும் ஐந்து முதல் பத்து நிமிடம் நீடித்தது. பகலில் சாம்பல் மேகம் மட்டும் தெரிந்தது. சூரியன் மறைந்த பின் செந்நிறக் குழம்பு ஊற்றுத் தெரிந்தது. 1803இல் ஹார்ஸ்பர்க் எழுதியதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையே 200 ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. எரிமலையின் நடை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

எழுத்துப் பதிவுகளுக்கு முந்தைய காலத்தை எப்படி அறிவது? ஒவ்வொரு பெரிய சீற்றத்தின்போதும் காற்றில் பறந்த சாம்பல் அந்தமான் கடலின் அடியில் படலமாகப் படிகிறது. அதன்மேல் சேறு படிகிறது. மீண்டும் சாம்பல். நீண்ட குழாயை அடித்தரையில் செலுத்தி இப்படிவை உருளையாக வெளியே எடுக்கலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலார் பங்கேற்ற ஆய்வுகள், இத்தகைய படிவுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்குரிய சீற்றங்களை அடையாளம் கண்டன. கப்பல் குறிப்பேடுகள் 1787இல் தொடங்குகின்றன. கடலடிக் குறிப்பேடோ 70,000 ஆண்டுப் பழமையானது. இதை எழுத மனிதன் தேவைப்படவில்லை.

70,000 ஆண்டு வாழ்வில் 190 ஆண்டு அமைதி எவ்வளவு? எழுபது வயது முதியவரின் வாழ்வில் பத்து வாரம் போன்றது. பத்து வாரம் பேசாமல் இருந்தவரை யாரும் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை.

கல் ஏன் உருகுகிறது?

இந்தியாவைத் தாங்கும் புவித்தட்டு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் வளைந்து பர்மாத் தட்டின் கீழே செல்கிறது. அப்படிச் செல்லும் தட்டு குளிர்ந்தது. குளிர்ந்த பொருள் உள்ளே போனால் சூடு குறைய வேண்டுமே, எரிமலை எப்படி வரும்? இது வகுப்பில் மாணவர்கள் கேட்கும் நல்ல கேள்வி.

விடை, தண்ணீர். பல கோடி ஆண்டுகள் கடலடியில் கிடந்த தட்டின் கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அது மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறி, அப்பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பனிக்கட்டியில் உப்புத் தூவினால் அதன் உருகுநிலை குறைந்து அது கரைவதை நாம் அறிவோம். கிட்டத்தட்ட அதே கதைதான் இது. பாறைக்குப் புதிதாக வெப்பம் ஊட்டப்படவில்லை. உருகத் தேவையான வெப்பநிலை தாழ்ந்துவிட்டது. உருகிய குழம்பு எடை குறைந்ததால் மேலே ஏறுகிறது. சுமத்ரா, ஜாவா வரை நீளும் எரிமலை வரிசை முழுவதும் இவ்வாறே உண்டானது. பாரன் அதன் வடபகுதியில் உள்ள ஒரு கண்ணி.

தெற்குக் கடலின் தடம்

ஆலம்பரையிலிருந்து நாம் இழுத்த கோட்டில் இன்னொரு வியப்பும் உண்டு. அது 90 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கடக்குமிடத்தில், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கு அடியில், ஒரு மலைத்தொடர் புதைந்திருக்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5,000 கி.மீ. நீளும் இதற்குத் தொண்ணூறு கிழக்கு முகடு என்று பெயர்.

இது எரிமலைகளால் ஆனது. புவியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஓரிடத்தின்மேல் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து சென்றபோது, தையல் எந்திரத்தின் ஊசிக்கடியில் நகரும் துணியில் விழும் தையல் போல, வரிசையாக எரிமலைகள் தோன்றின. அந்த ஊசி இன்று எங்கே உள்ளது? தென்கோடிப் பெருங்கடலில், கெர்கெலன் பீடபூமியின் கீழே. அப்பீடபூமியில்தான் பனி மூடிய ஹெர்டு தீவு இருக்கிறது; 2,745 மீட்டர் உயரமுள்ள அதன் எரிமலையும் இன்று உயிர்ப்புடன் உள்ளது; அங்கும் நிலையான மனிதக் குடியிருப்பு கிடையாது. அந்தமான் பக்கத்து நெருப்பும் தெற்குக் கடலின் நெருப்பும் வெவ்வேறு காரணங்களால் எழுபவை. ஆனால் இரண்டின் அடையாளத்தையும் நம் கரையிலிருந்து செல்லும் ஒரே கோடு தொட்டுச் செல்கிறது.

நம் கரைக்கு ஆபத்தா?

பாரன் சீறியதாகச் செய்தி வரும்போதெல்லாம் கோவளம் முதல் மரக்காணம் வரை மீனவர் குப்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: மறுபடியும் சுனாமி வருமா? 2004 டிசம்பர் 26ஐக் கண்ட மக்கள் இப்படிக் கேட்பது இயல்பே. அதற்கு நேரான பதில் சொல்வது அறிவியலின் கடமை.

அன்று அலையை எழுப்பியது எரிமலை அன்று. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்திற்குத் தட்டுகளின் எல்லை பிளந்து, கடலடித் தரை திடீரென உயர்ந்ததே காரணம். இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு நிலம் அதிர்ந்தது. 3,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம். அதாவது நொடிக்கு 171 மீட்டர், மணிக்கு 600 கி.மீட்டருக்கு மேல். 1,300 கி.மீ. கடக்க இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். காலை 9 மணியை ஒட்டி அலை நம் கரையில் இருந்தது. இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. சொல்வார் யாரும் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே 2007இல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

பாரனின் வெடிப்புகள் சிறியவை. அவை கடல்நீரை அவ்வளவு பரப்பில் தூக்குவதில்லை. எரிமலையும் சில வேளை சுனாமியை எழுப்பும் என்பது உண்மைதான். 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவில் அனக் கிரகதோவாவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் ஒரு புள்ளியில் எழும் அலை தொலைவு செல்லச் செல்ல விரைவாக வலுவிழக்கும். 1883இல் கிரகதோவா வெடித்த பேரழிவுகூடச் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் அலைமானிகளில் சிறு ஏற்ற இறக்கங்களாகவே பதிவாயிற்று. மேலும் பாரன் அந்தமானுக்குக் கிழக்கே உள்ளது. நமக்கும் அதற்கும் இடையே அந்தமான் தீவுத் தொடர் மதிலாக நிற்கிறது. ஆகவே நாம் அஞ்ச வேண்டியது பாரனின் புகைக்கு அன்று; அதே தட்டு மேற்கே ஓசையின்றிக் கீழிறங்கும் அந்தப் பள்ளத்திற்கு. புகை கண்ணுக்குத் தெரிகிறது, பள்ளம் தெரிவதில்லை. தெரிவதற்கு அஞ்சி, தெரியாததை மறப்பது மனித இயல்பு. அதைத் திருத்துவதே அளவீடு.

இன்று பாரனைப் பார்க்கக் கப்பல் தற்செயலாகக் கடந்துசெல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள்கள் அகச்சிவப்பு ஒளியில் அதன் சூட்டைப் பகலிலும் அளக்கின்றன. புகையா நெருப்பா என்ற பழைய குழப்பம் தீர்ந்தது. ஆனால் இப்பதிவுகளுக்கு வயது சில பத்தாண்டுகளே. அதற்கு முன்பு கோல்புரூக்கும் பிளேரும் ஹார்ஸ்பர்க்கும் மாலட்டும் எழுதிவைத்த சில பக்கங்கள். அதற்கும் முன்பு கடலடிச் சாம்பல்.

பதிவு இல்லாத காலம் நிகழ்ச்சி இல்லாத காலம் ஆகாது. ஆளில்லாத அச்சிறு தீவு நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே. எரிமலைக்கு மட்டுமன்றி, ஊர் ஏரியின் நீர்மட்டத்திற்கும் கடற்கரையின் அரிப்புக்கும் இது பொருந்தும். இன்று ஒரு மாணவர் தம் ஊர்க் கடற்கரையில் ஓர் அடையாளக் கல்லிலிருந்து அலைக்கரை வரை மாதம் ஒருமுறை அளந்து, தேதியுடன் எழுதி வைக்கட்டும். நூறாண்டுக்குப் பின் ஒருவர் அதை எடுத்துப் படித்து, நாம் பிளேருக்குச் சொன்னது போலவே, இந்த எண் சரி, அந்த எண் பிழை என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லத்தக்கவாறு எழுதி வைப்பதே போதும்.